கருவிழியில் பூஞ்சை: குடியிருக்கும் செல்லும் ஓடிவரும் செல்லும்

தருமபுரிப் பக்கம் கேழ்வரகுக் கதிர் அடிக்கையில் தாள் நுனி கண்ணைக் கீறினால், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள கருவிழிக்குள் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியா) ஃபியுசேரியம் அல்லது ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் நுழைந்துவிடக்கூடும். அவற்றை முதலில் எதிர்கொள்பவற்றுள் அங்கேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு செல்கள் முக்கியமானவை. ரத்தத்திலிருந்து பின்னால் வந்து சேர்பவை நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்கள்.

மேக்ரோஃபேஜின் பலம் அடையாளம் காண்பதில் இருக்கிறது. ஆஸ்பர்ஜில்லஸ் வித்தின் மேல் ஒரு புரத உறை போர்த்தியிருப்பதால், உறங்கும் வித்து எளிதில் பிடிபடுவதில்லை. அது உப்பி முளைவிடும்போது உறை விலகி, உள்ளிருக்கும் பீட்டா-குளுக்கான் என்னும் செல்சுவர்ச் சர்க்கரைப் பொருள் வெளியே தெரிய, மேக்ரோஃபேஜின் மேலுள்ள டெக்டின்-1 என்னும் ஏற்பி அதைப் பற்றிக்கொண்டு அழற்சிச் சமிக்ஞைகளை எழுப்புகிறது. ஆனால் எண்ணிக்கையில் மேக்ரோஃபேஜ்கள் சொற்பம்.

கொல்லும் வேலையில் நியூட்ரோஃபிலே மேல் என்பேன். கருவிழியின் நடுவில் ரத்தக்குழாய் இல்லாததால் அது விளிம்பிலிருந்து ஊர்ந்து வரவேண்டும். வந்தபின், விழுங்க முடியாத அளவு நீண்ட பூஞ்சை இழைகளை வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளால் தாக்குவதோடு, கால்புரொடெக்டின் புரதத்தால் துத்தநாகத்தைப் பிடித்துவைத்து அவற்றைப் பட்டினியும் போடுகிறது. அதே செல் வெளியிடும் நொதிகள் கருவிழியின் கட்டமைப்புப் புரதமான கொலாஜனையும் கரைப்பதால், புண் ஆறிய இடத்தில் வெண்தழும்பு நின்றுவிடுகிறது. அதற்கு அஞ்சி, சிவப்பு குறையட்டும் என்று மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டுக்கொண்டால் (இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை) தடுக்கும் படை தளர்ந்து பூஞ்சை ஆழமாக இறங்கும். ஃபியுசேரியத்துக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படுவது நாட்டமைசின் சொட்டு மருந்து.