‘இன்று அது இல்லை’ என்று சொன்ன உணவகம்

ஐந்து நாள் கடற்கரை விடுமுறைக்கு நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம்: எழுபதைக் கடந்த என் தாயார், நானும் மனைவியும், எட்டும் ஐந்துமான இரு பிள்ளைகள், இறால் ஒத்துக்கொள்ளாத என் தங்கை. அறையிலும் கடலிலும் எந்தக் குறையும் இல்லை. முகம் சுளித்ததெல்லாம் சாப்பாட்டு வேளையில்தான். மூன்று இடங்களில் உண்டோம். அவற்றின் பெயர்களைத் தவிர்த்துவிடுகிறேன், ஏனெனில் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் இதே மூன்று வகைக் கடைகள்தாம் எதிர்ப்படும். அவற்றை எப்படி எடைபோட்டோம் என்பதே பிறருக்குப் பயன்படக்கூடியது.

முதலாவது, அலை வந்து தொடும் தூரத்தில் இருந்த பெரிய உணவகம். கைப்பேசி வரைபடத்தில் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் பெற்றிருந்ததால் யோசிக்காமல் நுழைந்துவிட்டோம். அந்த நட்சத்திரங்களை வழங்கியவர்கள் என்ன எழுதியிருந்தார்கள் என்பதைப் பிற்பாடுதான் பொறுமையாகப் படித்தேன்: பத்தில் ஏழு பேர் சூரியன் மறையும் காட்சியைப் புகழ்ந்திருந்தார்கள், இரண்டு பேர் இருக்கைகளைப் புகழ்ந்திருந்தார்கள், மீனைப் பற்றிப் பேசியவர் ஒருவரே. உணவுப் பட்டியல் பன்னிரண்டு பக்கம் நீண்டது. “இன்று வந்த மீன் எது?” என்று கேட்டதற்கு, “எல்லாமே இன்று வந்ததுதான் சார்” என்று பரிமாறுபவர் கண்ணிமைக்காமல் சொன்னார். காற்று பலமாக இருந்ததால் அன்றும் அதற்கு முந்தைய நாளும் படகுகள் கடலுக்குப் போகவில்லை. மணலில் ஏற்றிவைத்திருந்த அவற்றைப் பிள்ளைகள் இரண்டு நாளும் எண்ணி விளையாடியிருந்தார்கள், இரண்டு நாளும் 17. பெரியவன் அந்தக் கணக்கை அங்கேயே உரக்கச் சொன்னான். பரிமாறுபவர் வேறு மேசையைக் கவனிக்கப் போய்விட்டார்.

வந்த மீனின் சதை இதழிதழாகப் பிரியவில்லை. ஓரங்கள் உலர்ந்து, நடுமுள்ளை ஒட்டிய பகுதி மாவாகக் குழைந்திருந்தது. மசாலா மட்டும் தாராளம். நான் இதைவிடப் பெரிய குறையாகக் கருதுவது தங்கையின் கேள்விக்குக் கிடைத்த பதிலை. இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனையும் பொரிப்பீர்களா என்று அவள் கேட்டாள். “அதெல்லாம் ஒன்றும் ஆகாது மேடம், எண்ணெய் நன்றாகக் கொதிக்கிறது” என்றார்கள். இறால், நண்டு ஆகியவற்றில் ஒவ்வாமையைத் தூண்டும் முதன்மையான புரதம் டிரோபோமயோசின். அது சூட்டைத் தாங்கக்கூடியது, கொதிக்கும் எண்ணெயிலும் அதன் வீரியம் போய்விடாது. மீன் ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் வேறு என்பதால் தங்கையால் மீனைத் தாராளமாக உண்ண முடியும், எண்ணெய் தனியாக இருக்கும்வரை. அன்று அவள் காய்கறிகளோடு நிறுத்திக்கொண்டாள்.

பில் வந்தபோது இன்னொரு பாடம் காத்திருந்தது. முழு மீனுக்கு நேராக ‘எடைக்கேற்ப’ என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். எடையைக் கேட்காமல் ஆர்டர் கொடுத்தது எங்கள் தவறு. தலை, குடல், செதில், முள் எல்லாம் போனால் முழு மீனில் ஏறத்தாழ பாதிதான் சதையாக மிஞ்சும். அதனால் சமைப்பதற்குமுன் தராசில் வைத்துக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

தங்கியிருந்த விடுதியின் பஃபே பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அடுத்தடுத்துச் சுடச்சுட வந்ததால் நன்றாக இருந்தது. இரவில் தட்டுகளுக்கு அடியில் விளக்கு எரிந்தும் உணவு வெதுவெதுப்பாகவே இருந்தது. சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காமல் இருந்தால்தான் கிருமிகள் பெருகாது என்பதால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை.

மூன்றாவது இடத்தைக் கண்டுபிடித்த பெருமை என் தாயாருக்கு உரியது. விடியற்காலையில் மீன் இறங்கும் துறைக்குப் பேரன்களோடு நடந்துபோனவர், அங்கே மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம், “நீங்கள் வெளியே சாப்பிடுவதென்றால் எங்கே போவீர்கள்?” என்று கேட்டுவந்துவிட்டார். கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே, எட்டு மேசைகள் கொண்ட கடை அது. சன்னல் வழியே பக்கத்து வீட்டுத் துணிக்கொடிதான் தெரிந்தது. கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் ஆறு உணவுகள் எழுதி, அவற்றில் இரண்டை ஈரத்துணியால் அழித்திருந்தார்கள்.

சின்னவன் கணவாய் வேண்டும் என்று அடம்பிடித்தான். கடையை நடத்தும் அம்மையார், “இன்று அது இல்லை தம்பி, படகு இனிமேல்தான் வரும்” என்று அவனிடம் சொல்லிவிட்டு, தாயாரிடம் திரும்பி, “சூரை இருக்கிறது அம்மா, ஆனால் அது உறைய வைத்தது, புதிதாக வந்தது என்று சொல்ல மாட்டேன். சங்கரா மட்டும் காலையில் வந்தது, பார்க்கிறீர்களா?” என்றார். இந்த ஒரு பேச்சுக்கே நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். பிடித்தவுடன் உறைய வைத்து −18 டிகிரியில் காத்த மீன், வெயிலில் கிடந்த ‘புது’ மீனைவிட எவ்வளவோ மேல். அதிலும் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை குளிர்ச்சியின்றிக் கிடந்தால் பாக்டீரியாக்கள் அவற்றில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை உண்டாக்கிவிடும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் அழியாது. தின்ற சற்று நேரத்தில் முகம் சிவந்து, வாய் எரிந்து, தலை வலித்தால் பலரும் அதை ஒவ்வாமை என்று தவறாக எண்ணிக்கொள்வார்கள்.

ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டியதும் தாயார் தன் பரிசோதனையைத் தொடங்கினார். செவுளைத் தூக்கிப் பார்த்தார்: பழுப்பேறாத நல்ல சிவப்பு. கண் குழி விழாமல் புடைத்துத் தெளிவாக இருந்தது. விலாவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் உடனே நிமிர்ந்துகொண்டது. கடைசியாக முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார். கடல்நீர் வாடை வந்தால் நல்லது, மூக்கில் ஏறும் நெடி வந்தால் திரும்பி நடக்க வேண்டியதுதான் என்பது அவருடைய கணக்கு. தங்கையின் ஒவ்வாமையைச் சொன்னபோது, எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான் இருக்கிறது என்பதை அந்த அம்மையார் மறைக்கவில்லை. கழுவிய தனிக் கல்லில், தனிக் கரண்டியால் வாட்டித் தருவதாகச் சொல்லி, அடுக்களைக் கதவைத் திறந்தே வைத்துச் சமைத்தார். உப்பும் மிளகும் எலுமிச்சையும் மட்டும் சேர்ந்த அந்த மீனின் தோல் மொறுமொறுப்பாகவும், உள்ளே சதை ஈரமாக இதழிதழாகவும் பிரிந்தது. ஐந்து வயதுக்காரன் முள் எடுத்துத் தரும்வரை காத்திருக்கப் பொறுமையின்றித் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

குறைகளும் இருக்கின்றன. ஆர்டர் கொடுத்து உணவு வர நாற்பது நிமிடம் ஆனது. கடலில் குளித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு அது ஒரு யுகம். மறுநாளிலிருந்து அவர்களுக்கு வாழைப்பழம் கொடுத்தே கூட்டிப்போனோம், பசி உச்சிக்கு ஏறும்முன், ஆறரை மணிக்கே. வாசலில் கைப்பிடி இல்லாத மூன்று உயரமான படிகளில் தாயாரைத் தாங்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. மின்விசிறிகள் இரண்டே, அவற்றின் கீழ் இடம்பிடிக்க ஒரு சிறு போட்டியே நடக்கும். மீதியைக் கட்டிக் கொடுக்க மறுப்பதைப் பக்கத்து மேசைக்காரர் குறையாகச் சொன்னார், எனக்கு அது சரியாகவே பட்டது: வெயில் 32 டிகிரியைத் தாண்டும் ஊரில் சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது, எங்கள் அறையிலோ குளிர்பதனப் பெட்டி இல்லை.

வரைபடத்தில் இந்தக் கடைக்கு நாலுக்கும் குறைவான நட்சத்திரமே இருந்தது. ஒற்றை நட்சத்திரம் இட்டவர்களின் புகார்களைப் படித்தேன்: ‘கேட்டது கிடைக்கவில்லை’, ‘ஒன்பது மணிக்கே முடிந்துவிட்டது’, ‘கடல் தெரியவில்லை’. இப்போதெல்லாம் நான் இப்படிப்பட்ட புகார்களைத் தேடித்தான் படிக்கிறேன். அடிவானத்தின் படங்களை ஒதுக்கிவிட்டுத் தட்டின் படங்களை மட்டும், அதுவும் அண்மையில் எடுத்தவற்றை மட்டும் பார்க்கிறேன்.

கடைசி நாள் மூட்டை கட்டுவதில் தாமதமாகி எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பலகையில் ஐந்து வரிகள் அழிந்திருந்தன; மிச்சமிருந்த ஒன்று, சின்னவன் நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கணவாய். ஒரு தட்டுக்குத்தான் இருந்தது, ஆறு பேருக்கும் அதைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.