வாடகை லென்ஸை நம்பி 18,600 ரூபாய் போச்சு: விமானம் படம் எடுப்பவர்கள் கவனத்துக்கு

வயிறு எரிகிறது. அதனால்தான் இந்த ராத்திரியிலேயே எழுதுகிறேன்.

அக்டோபர் 6, மெரினா விமான சாகசம். விமானப்படை தின நிகழ்ச்சி 2022-ல் சண்டிகர், 2023-ல் பிரயாக்ராஜ், 2024-ல்தான் நம் சென்னைக்கு வந்தது. மறுபடி எப்போது வருமோ என்று, தூரத்தில் பறப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 150-600 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். ஆன்லைனில் புக் செய்துவிட்டுக் கடையில் போய் வாங்க வேண்டும். மூன்று நாள் வாடகை 3,600, டெபாசிட் 15,000. மொத்தம் 18,600 ரூபாய்.

கடைப் பையன் என் கேமராவிலேயே மாட்டி, எதிர்ச்சாரி மருந்துக்கடை போர்டை ஃபோகஸ் செய்து காட்டினான். எழுத்து பளிச்சென்று விழுந்தது. "அண்ணே, நம்ம பசங்க எல்லாரும் ஏர் ஷோவுக்கு இதைத்தான் கொண்டுபோறாங்க, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றான். அந்த "நம்ம பசங்க"வில்தான் விழுந்தேன். நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

போர்டு நிற்கும், ரஃபேல் நிற்குமா? ஷட்டரை 1/2000 நொடியில் வைத்து, ஓடுவதை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் போட்டுக் காத்திருந்தேன். விமானம் வந்ததும் லென்ஸ் முன்னும் பின்னும் அலைகிறது. கண்ணில் தெரிந்தது வெறும் சாம்பல் நிறம். அது தெளிவதற்குள் ரஃபேல் போய்விட்டது, சத்தம்தான் மிச்சம். விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் ஹாக் விமானங்கள் சிவப்பு வெள்ளைத் தீற்றலாகத்தான் பதிந்தன. ஹெலிகாப்டர்களாவது தேறும் என்று, இறக்கை சுழல்வது தெரிய 1/250-க்கு இறக்கினால், கை நடுக்கத்தைச் சமாளிக்க வேண்டிய ஸ்டெபிலைசரே துள்ளுகிறது. கழற்றிப் பார்த்தேன். கேமராவில் மாட்டும் வளையமான மவுண்டைச் சுற்றியிருந்த திருகுகளின் தலை தேய்ந்து மின்னியது, லேசாகச் சாய்த்தால் உள்ளே கடகட. யாரோ ஏற்கெனவே திறந்து மூடிய லென்ஸ்!

அன்று அந்தக் கூட்டத்திலும் வெயிலிலும் ஐந்து உயிர் போனது. அதற்கு முன் என் பணம் ஒன்றுமில்லைதான். ஆனால் திருட்டு திருட்டுதானே.

திருப்பிக் கொடுத்தபோது அதே பையன் குலுக்கிப் பார்த்துவிட்டு, "சார், கீழ போட்டுட்டீங்களா?" என்றான். டெபாசிட் கிடையாதாம், தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். அப்புறம் ஃபோன் செய்தால் "ஓனர் ஊர்ல இல்ல". மறுநாள் "சர்வீஸுக்கு அனுப்பியிருக்கோம்". அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். 18,600 ரூபாய்!

எடுக்கப் போகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். போர்டில் சோதிக்காதீர்கள், ரோட்டில் ஓடும் பைக்கைத் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். மவுண்ட் திருகுகளைக் கடைக்காரர் கண்முன்னேயே வீடியோ எடுங்கள். குலுக்கிப் பாருங்கள். தாளைப் படியுங்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். ரசீது, தாள், ஃபோகஸ் ஆகாத படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.