முழு மகாகனிக் கிட்டார் என்று சொல்லி ஒட்டுப்பலகையைத் தலையில் கட்டிவிட்டார்கள்

நேற்று இரவு ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு 5 நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள்?" தீர்ந்தது என் புகார் இல்லை, என் 14 மாதச் சேமிப்பு. கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆற அமர உட்கார்ந்தால் பெருந்தன்மை வந்துவிடும். அதற்கு இவர்களுக்குத் தகுதி இல்லை.

விற்றது பழைய கிட்டார்களை வாங்கி, சரிபார்த்து, சான்றிதழ் கொடுத்து மறுபடி விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் இணையதளம். பெயரைச் சொல்லப்போவதில்லை. "எங்கள் நிபுணர் 40 இடங்களில் சோதித்தது" என்று ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பச்சை முத்திரை குத்தும் வகை. அந்த 40 இடங்களில் கிட்டாரின் உட்புறம் ஓர் இடமாகக்கூட இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் ஒன்றும் தெரியாமல் போய் விழவில்லை. அதுதான் அதிகம் எரிகிறது. என்னிடம் ஏற்கெனவே இருப்பது ட்ரெட்நாட் வகைப் பெரிய கிட்டார், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் மேற்பலகை. பத்துப் பேர் சேர்ந்து பாடும் இடத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் தனியாக உட்கார்ந்து, விரலால் மீட்டி, தாழ்ந்த குரலில் நாட்டுப்பாடல் பாடுகிறவனுக்கு அது தோதுப்படாது. கீழ்த்தந்திகள் முழங்கி முழங்கிக் குரலின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் சிறிய உடல். மார்ட்டின் என்ற அமெரிக்கக் கிட்டார் நிறுவனத்தின் அளவுக் கணக்கில் 00 என்பார்கள். ட்ரெட்நாட்டின் அகன்ற பகுதி 15.6 அங்குலம் என்றால் இதில் சுமார் 14.3. மேற்பலகையும் மகாகனி மரம் என்றால் மேற்சுரங்களின் பளபளப்பு அடங்கி, ஒவ்வொரு சுரமும் தன் அடித்தொனியோடு தனியாக நிற்கும். ஓங்கி அடித்தால் ஸ்ப்ரூஸ் அளவுக்கு ஒலி ஏறாது. ஏறவேண்டாம் என்றுதானே தேடினேன். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், 12-ஆவதில் உடலோடு சேரும் கழுத்து, 24.9 அங்குலத் தந்தி நீளம், கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைப் பிரித்துத் தாங்கும் நட், அதுவும் விரல்கள் முட்டிக்கொள்ளாத 44.5 மில்லிமீட்டர் அகலத்தில் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மாதாமாதம் பணத்தை ஒதுக்கி, 14 மாதம் காத்திருந்தேன்.

15-ஆவது மாதம் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "12 ஃப்ரெட், 00 அளவு, முழு மகாகனி: மேல், பின், பக்கம்." என் தாளைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பொய்கூட இல்லை.

உடனே பணம் கட்டிவிடவில்லை. காணொளி அழைப்பில் கிட்டாரைக் காட்டச் சொன்னேன். தளத்தின் ‘நிபுணர்’ வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். எடுத்த எடுப்பில் "சொல்லுங்கள் தம்பி, விரல் வாசிப்பா, பிளெக்ட்ரமா?" என்றார். விரல் என்றேன். "அப்படியென்றால் நாம் ஒரே கட்சி" என்று வலது கை நகங்களைக் கேமராவில் காட்டினார். நீளமாக வளர்த்து, ஓரம் தேய்த்துவிட்ட நகங்கள். கட்டைவிரல் நகத்தில் பசை தடவிய தடம்கூட இருந்தது. அந்த நகத்தைப் பார்த்த நொடியில் என் சந்தேகத்தில் பாதி போய்விட்டது. விற்பனையாளன் நகம் வளர்ப்பானா? வளர்ப்பான் என்று இப்போது தெரிகிறது.

மீதிப் பாதியை அவர் பேச்சு முடித்துவைத்தது. இது சபேலியாக இருக்காதா என்று கேட்டேன். அசல் மகாகனி 2003 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. அதனால் பல தயாரிப்பாளர்கள் சபேலி, காயா போன்ற ஆப்பிரிக்க மரங்களைப் பயன்படுத்துகிறார்கள். அவையும் நல்ல மரங்களே, பெயரைச் சொல்லி விற்றால். நான் கேட்டதும் அவர் சிரித்தார். "கேள்வியே அழகாக இருக்கிறது தம்பி. சபேலியில் நாடா நாடாவாகக் கோடு ஓடும். பாருங்கள்" என்று பின்பலகையை விளக்குக்கு நேரே சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். நாடா இல்லை. 1922-லேயே மார்ட்டின் ஸ்டீல் தந்திகளுக்காக மேற்பலகை உட்பட மகாகனியில் 2-17 என்ற மாடலைச் செய்த கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் அது மலிவு வரிசை, இன்று அதைத் தேடி அலைகிறார்கள் என்றார். அந்தக் கதை உண்மைதான். உண்மைக் கதையை வைத்துத்தான் ஆளைக் கவிழ்க்கிறார்கள். ஒட்டுப்பலகை இல்லையே என்று கடைசியாக ஒரு முறை கேட்டேன். "அதையெல்லாம் நாங்கள் தொடுவதே இல்லை." வாயால் சொன்னார். எழுத்தில் வாங்கவில்லை.

பிறகு வாசித்தும் காட்டினார். மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ என்ற, தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியைப் போட்டு, ஒரு பழைய மெட்டு. காதோடு ரகசியம் பேசுவதுபோல் இருந்தது. வாசித்த மூன்று நிமிடமும் இடது கை ஐந்தாவது ஃப்ரெட்டைத் தாண்டவே இல்லை. இதை அப்போது கவனிக்கவில்லை. அன்று இரவே 14 மாதச் சேமிப்பையும் மொத்தமாகக் கட்டினேன்.

பெட்டி வந்தது. மணம் நன்றாக இருந்தது, மெருகு நன்றாக இருந்தது. உடல் சிறிதாகவே இருந்தது, அந்த மட்டில் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் ஒலி, போர்வைக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல் வந்தது. மகாகனி மேற்பலகை அடக்கமாக ஒலிக்கும் என்று தெரியும். ஆனால் மெல்லத் தொட்டாலே அது சட்டென்று பதில் சொல்ல வேண்டும். இதை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் போனால் தந்தியை அழுத்த விரல் நுனி வெள்ளையாகிவிட்டது.

இரண்டாம் நாளே தளத்துக்கு எழுதினேன். அதே நிபுணர் தொலைபேசியில் வந்தார். "நீண்ட பயணம் செய்து வந்த மரம் தம்பி. புதிய தந்தி வேறு. இரண்டு வாரம் தினமும் வாசியுங்கள், திறந்துகொள்ளும்." எவ்வளவு அன்பாகச் சொன்னார்! நானும் விடியற்காலையில் எழுந்து வாசித்தேன். திருப்பி அனுப்பும் கெடு 7 நாள். அறிவுரை சொன்னவருக்கு அது தெரியாதா? முழு நாடகத்திலும் என்னால் மன்னிக்க முடியாத இடம் இதுதான். மரத்தின் மேல் எனக்கிருந்த மரியாதையையே என்னைத் தாமதப்படுத்தும் கயிறாகத் திரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் தொலைபேசியில் வரவே இல்லை. ‘தம்பி’ போய், ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்’ வந்தது. முதல் பதில்: கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகிக்கொள்ளுங்கள். ட்ரஸ் ராட் கழுத்தின் வளைவைத்தான் சரிசெய்யும், கழுத்து உடலோடு சேரும் கோணத்தை அது தொடாது என்று விளக்கி எழுதினேன். இரண்டாம் பதில்: மெல்லிய தந்தி மாட்டுங்கள். மாட்டினேன், 11 அளவு. போர்வைக்குள் இன்னொரு போர்வை. மூன்றாம் பதில்: ஒலி என்பது தனிப்பட்ட ரசனை சார்ந்தது. நான்காவதாக என் புகார் எண்ணையே மறந்துவிட்டு, ஆர்டர் விவரங்களை முதலிலிருந்து கேட்டார்கள்.

பொறுக்க முடியாமல் கிட்டார் செய்து பழுதும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துப் பார்க்கவே இல்லை. மேசையில் படுக்கவைத்து, எஃகு அளவுகோலை ஃப்ரெட்டுகளின் மேல் நீளவாக்கில் வைத்துத் தள்ளினார். கழுத்துக் கோணம் சரியாக இருந்தால் அதன் நுனி, மேற்பலகையில் தந்திகளின் அடிமுனை மாட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டையின் மேல்முகத்தைத் தொட்டுச் செல்ல வேண்டும். இங்கே பிரிட்ஜின் பக்கவாட்டில் டொக்கென்று இடித்து நின்றது. பிறகு பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடிலைக் காட்டினார். பிரிட்ஜுக்கு மேல் 3 மில்லிமீட்டராவது நிற்க வேண்டிய எலும்புத்துண்டு, 1 மில்லிமீட்டர்கூட இல்லாமல் அரம் போட்டு இழைக்கப்பட்டிருந்தது. அப்படி இழைத்தும் 12-ஆவது ஃப்ரெட்டில் ஆறாம் தந்தி 3.6 மில்லிமீட்டர் உயரம். 2.4 இருந்தால் விரலுக்குச் சுகம். இனி இறக்க இடமே இல்லை.

"சரி, உள்ளே பார்ப்போம்" என்று தந்திகளைத் தளர்த்தி, பல் மருத்துவர் வைத்திருப்பதுபோன்ற குட்டிக் கண்ணாடியையும் விளக்கையும் ஒலித்துளைக்குள் விட்டார். பின்பலகையின் வெளியே, ஓரத்தில் சுழி போல ஒரு மரவரி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே அதே இடத்தில் அந்தச் சுழி இல்லை. வேறு ஏதோ வெளிறிய மரம், வேறு வரி. ஒரே பலகையென்றால் வெளியே இருப்பது உள்ளேயும் தெரியும் அல்லவா? அடுத்து, வார் மாட்டும் குமிழைக் கிட்டாரின் அடியிலிருந்து பிடுங்கினார். அந்தத் துளையின் விளிம்பில் மூன்று அடுக்குகள்: கருஞ்சிவப்பு, வெளிர், கருஞ்சிவப்பு. கடைசியாக ஒலித்துளை. விளிம்பைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் வளையம் ஒன்று பதித்திருந்தார்கள். அழைப்பின்போது "அந்தக் கறுப்பு வளையம் எடுப்பாக இருக்கிறது" என்று பாராட்டியவனே நான்தான். என் அனுமதி கேட்டு, மெல்லிய கத்தியால் ஒரு சுண்டுவிரல் அளவுக்கு அதை நெம்பினார். அடியில் அதே மூன்று அடுக்கு.

மேலே ஒட்டியிருக்கும் தோல் மகாகனியாகவே இருக்கலாம் என்றார் பெரியவர். மூன்று பக்கமும் மகாகனிதான், ஒட்டுப்பலகையின் மேல் ஒட்டிய மகாகனி. ஒட்டுப்பலகைக் கிட்டாரே மோசம் என்று நான் சொல்லவரவில்லை. ஈரப்பதம் ஏறி இறங்கினாலும் எளிதில் வெடிக்காது, பயணத்துக்கு எடுத்துப்போகலாம், கற்றுக்கொள்கிறவருக்கு நல்லது. அதன் விலைக்கு விற்றால் நானே ஒன்று வாங்குவேன். முழுப் பலகையின் விலைக்கு, 14 மாதச் சேமிப்புக்கு விற்றதுதான் கொள்ளை.

கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த முடியுமா என்று கேட்டேன். "முடியும் தம்பி. ஆனால் இந்தக் கிட்டாருக்கு அந்தச் செலவை வாங்கிக்கொண்டால், உங்களை ஏமாற்றிய இரண்டாவது ஆள் நானாகிவிடுவேன்" என்றார். பார்த்ததற்கும் அவர் எதுவும் வாங்கவில்லை.

அடுக்குகளைப் படம் எடுத்துத் தளத்துக்கு அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன், மனப்பாடம் ஆகிவிட்டது: "விளம்பரத்தில் ‘முழு மகாகனி’ என்றே குறிப்பிட்டிருக்கிறோம். ‘முழுப் பலகை’ என்று எங்கும் குறிப்பிடவில்லை. மேலும், ஒலித்துளை வளையம் அகற்றப்பட்டிருப்பதால் கருவி சேதப்படுத்தப்பட்டதாகக் கருதப்படும்." அதாவது திருடனைப் பிடிக்கப் பூட்டை உடைத்த குற்றம் என்னுடையது. அழைப்பில் நிபுணர் வாயால் சொன்னாரே என்றேன். அழைப்புகள் பதிவு செய்யப்படுவதில்லையாம். மேலிடத்தில் பேச வேண்டும் என்றேன். மேலிடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்று மூன்று முறை எழுதினார்கள். அந்த மேலிடம் எவ்வளவு உயரமோ, அங்கிருந்து இன்றுவரை ஒருவரும் இறங்கி வரவில்லை. கடைசியில் நல்லெண்ணத்தின் பேரில் ஒரு கூப்பன்: அடுத்த முறை வாங்கினால் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. அடுத்த முறை! 14 மாதச் சேமிப்பை வாரிக்கொடுத்தவனிடம்!

சிறிய மகாகனிக் கிட்டார் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். தந்தி அளவு, 12 ஃப்ரெட்டுக்கும் 14 ஃப்ரெட்டுக்கும் ஒலியில் உள்ள வித்தியாசம் எல்லாம். இப்போது அதற்கு மனம் இல்லை. அவசரத்துக்கு இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மகாகனி என்பது மரத்தின் பெயர் மட்டுமே. மேல், பின், பக்கம் மூன்றும் முழுப் பலகையா, அடுக்கா என்பதை மூன்று தனிக் கேள்விகளாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘மகாகனி’ சில இடங்களில் வெறும் வண்ணப்பூச்சின் பெயராகவும் இருக்கும், அதையும் கேளுங்கள். ஒலித்துளை விளிம்பைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வளையம் மறைத்தால் குமிழ்த் துளையைக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து சேடில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தைச் செருகச் சொல்லுங்கள், உள்ளே நுழைந்தால் பிரிட்ஜ் பெயர்கிறது என்று பொருள். வாசித்துக் காட்டினால் கேப்போ இல்லாமல், 12-ஆவது ஃப்ரெட் வரை. வந்த அன்றே பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப்போங்கள். "இரண்டு வாரம் வாசியுங்கள்" என்று எவர் சொன்னாலும் அன்று மாலையே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்னும் ஒன்று, பணம் கட்டும் முறையைப் பற்றி எழுத நினைத்தேன். அதற்குள் அவர்களிடமிருந்து அடுத்த மின்னஞ்சல்: "நீங்கள் இன்னும் எங்களை மதிப்பிடவில்லை."