அம்பாசடர் ஹெட்லைட் சுவிட்ச்: புதுப்பேட்டையில் ஒரு நல்ல கடை

அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டதால் டேஷ்போர்டு சுவிட்சுக்குத் தரமான மாற்று கிடைப்பது பெரும்பாடு. சென்னை புதுப்பேட்டையில் ஒரு சின்ன ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் பழைய சுவிட்சையே பிரித்து, கருகிப்போன பித்தளை முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தளர்ந்த ஸ்பிரிங்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் செய்ததுதான் உண்மையான வேலை: ஹை பீமில் 60 வாட் பல்பு இரண்டும் 12 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், அது முழுக்க சுவிட்ச் வழியாகவே ஓடினால் சூடாகி மறுபடியும் கருகத்தான் செய்யும், அதனால் ரிலே (சுவிட்ச் வழியாகச் சின்ன கரண்ட் மட்டும் ஓட, பல்புக்கான கரண்டைத் தனி வழியில் விடும் சாதனம்) போட்டே ஆகணும் என்று அவர்களே சொல்லிப் போட்டுவிட்டார்கள். இப்போது வெளிச்சமும் நன்றாகக் கூடியிருக்கிறது. சுவிட்சின் ஒரிஜினல் குமிழ் அப்படியே இருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! கூலியும் நியாயம்தான். வண்டி நிறுத்த மட்டும் இடமே இல்லை, காலையிலேயே போய்விடுங்கள்.