ஃபோல்க்சி இன்ஜின் சூடேறினால் எந்த மீட்டரை நம்புவது?

பெரிய வெள்ளியன்று தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தீமிதிக்கு டர்பனிலிருந்து பழைய ஃபோல்க்சியில் (ஃபோல்க்ஸ்வாகன் பீட்டில் கார்) குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு, பைன்டவுன் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போதுதான் வயிற்றைக் கலக்கும். யூட்டன்ஹேக் ஆலையில் 1951 முதல் 1979 வரை கட்டிய இந்தக் காருக்கு ரேடியேட்டர் கிடையாது, டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள்ளும் கிடையாது. ஒரு விசிறி, இரண்டரை லிட்டர் ஆயில், அவ்வளவுதான். சூடு என்று வாயைத் திறந்தாலே, "இன்னொரு ஆயில் கூலர் மாட்டிடுங்கண்ணே" என்பார்கள். நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். சூடு ஹெட்டிலா (சிலிண்டர்களை மூடும் தலைப்பகுதி) ஆயிலிலா என்று பார்க்காமல் கூலருக்குக் காசு போடுவது வீண். பார்ப்பதற்கு நாலு வழி உண்டு. நாலும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை.

டேஷ்போர்டிலேயே இருக்கும் ஆயில் விளக்குக்குச் செலவில்லை. ஆனால் அது பார்ப்பது அழுத்தத்தை. ஆயில் சூடாகி, தண்ணியாகி, ஐட்லிங்கில் அழுத்தம் விழுந்த பிறகுதான் மினுக்கும். அதற்குள் பேரிங் அடி வாங்கியிருக்கும். பக்கத்திலுள்ள டைனமோ விளக்கு எரிந்தால் சங்கதி வேறு. டைனமோவைச் சுற்றும் அதே பெல்ட்தான் விசிறியையும் சுற்றுகிறது. அது அறுந்திருக்கலாம், உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை இப்போது எல்லாரும் வாங்குகிறார்கள். இந்த வேலைக்கு அதற்குக் கடைசி இடம்தான் கொடுப்பேன். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். ஏற்றத்தில் ஓடும்போது அளக்கவும் வழியில்லை. ஒன்றுக்கு மட்டும் கெட்டி: ஸ்டார்ட் செய்த கையோடு நாலு எக்ஸாஸ்ட் குழாயிலும் காட்டினால், எரியாத சிலிண்டர் எது என்று உடனே தெரிந்துவிடும்.

ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் நல்ல சாமான். ஆயில் ஸ்டிக் இருக்கும் இடத்தில் அப்படியே செருகும் தெர்மாமீட்டரும் கிடைக்கிறது. 80 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை பயமில்லை. 120ஐத் தாண்டினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். குறை என்னவென்றால், ஆயில் நிதானமாகத்தான் சூடேறும். ஹெட் வேகும்போது ஆயில் முள் இன்னும் சாதுவாக நிற்கும்.

அதனால்தான் என் முதல் ஓட்டு ஹெட் மீட்டருக்கு. ஸ்பார்க் பிளக்கின் வாஷரை எடுத்துவிட்டு ஒரு வளையத்தைப் போடுகிறோம். அதிலிருந்து இரண்டு கம்பி டேஷ்போர்டுக்கு வருகிறது. மூன்றாவது சிலிண்டரில் போடுங்கள். பழைய இன்ஜின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள் நின்று அந்த சிலிண்டருக்குப் போகும் காற்றை மறிக்கிறது; முதலில் வேகுவது அதுதான். இனி ஃபீல்ட்ஸ் ஹில்லை நாலாவது கியரிலேயே இழுத்துப் பாருங்கள். ஹெட் முள் 160லிருந்து 210ஐ நோக்கிக் கண்ணெதிரே ஏறும்; ஆயில் முள் 90லேயே இருக்கும். மூன்றாவதுக்கு மாற்றினால் இன்ஜின் வேகம் கூடும், விசிறியும் வேகம் பிடிக்கும், ஹெட் முள் இறங்கத் தொடங்கும். ஏற்றத்தில் கியரைக் குறைக்கச் சொல்லி எத்தனை முறை சொன்னாலும் கேட்காதவர்கள், இந்த முள்ளைப் பார்த்ததும் கேட்கிறார்கள். 200 வரை சகஜம். 230ஐ நெருங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

மலிவான ஹெட் மீட்டரில் ஒரு சிக்கல் உண்டு. அது அளப்பது, வளையத்துக்கும் மீட்டர் இருக்கும் இடத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை மட்டுமே. 24 டிகிரிக்கு அளவு குறித்த மீட்டர், 34 டிகிரி ஜனவரி வெயிலில் சுமார் 10 டிகிரி குறைத்துக் காட்டும். அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஹெட், ஆயில் இரண்டுக்கும் மீட்டர் இருந்தால் கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் பிடிபடும். ஹெட் மட்டும் கொதித்தால் டைமிங்கையும் (ஸ்பார்க் விழும் நேரம்) கார்புரேட்டரையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் காற்று போதவில்லை: பெல்ட் தளர்ந்திருக்கும், சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின் தகடுகளுக்கு நடுவே இலையும் எலிக்கூடும் அடைத்திருக்கும், அல்லது இன்ஜினைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை போய், கீழிருந்து வரும் சுடுகாற்றையே விசிறி திரும்ப இழுக்கும். அந்த ரப்பரைப் பலர் அலங்காரம் என்று நினைத்துக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்ப மாட்டுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வாங்கி வந்த வண்டியானால் டைமிங் லைட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிசு என்பதால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள், டைமிங்கையும் கொஞ்சம் முன்தள்ளியிருப்பார்கள், 93 ஆக்டேன் பெட்ரோலில் ஓட்டியிருப்பார்கள். அதே வண்டி டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்கு இறங்கி வந்தால் காற்று அடர்த்தி. பெட்ரோல் பற்றாது, டைமிங் முன்கூட்டியே இருக்கும், ஏற்றத்தில் இன்ஜின் தட்டும், ஹெட் வெந்துபோகும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் 009 ரகம் என்றால் 3,000 சுற்றுக்கு மேல் வைத்து லைட்டை அடித்துப் பாருங்கள்: புல்லியில் டைமிங்கின் முழு முன்னேற்றம் 28 முதல் 32 டிகிரிக்குள் நிற்க வேண்டும். பிறகு ஜெட்டைப் பெரிதாக்கி, 95 பெட்ரோல் ஊற்றுங்கள். வால்வுகளின் டாப்பெட் இடைவெளியையும் இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.15 மில்லிமீட்டருக்கு வைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு இறுகினால் கருகிவிடும்.

இத்தனையும் சரிசெய்த பிறகு, அதே ஏற்றத்தில், அதே கியரில் மறுபடி ஏறிப் பாருங்கள். ஹெட் 200க்குள் அடங்கி, ஆயில் மட்டும் 120ஐத் தாண்டுகிறதா? இருக்கிற கூலர் அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பார்த்துவிட்டு, அதுவும் சுத்தமென்றால் இன்னொரு ஆயில் கூலர் வாங்குங்கள். அப்போது நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.