பெய்ஜிங் கோடைக்கால அரண்மனை: ஏரிக்குப் போகும் முன் இரண்டு கூடங்கள்

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் குன்மிங் ஏரிக்கரைக்குப் போய்விடுகிறார்கள். 1898இல் சீனப் பேரரசர் குவாங்ஷூ தொடங்கிய சீர்திருத்தத்தின்போது பதவிகள் யார் கைப்பிடியில் இருந்தன என்று புரிந்துகொள்ள வேண்டுமானால், கிழக்கு வாசல் பக்கத்துக் கட்டடங்களுக்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மெட்ரோ 4ஆம் தடத்தில் ஷியுவான் நிலையத்தில் இறங்க வேண்டும். பேகோங்மென்னில் இறங்கினால் வடக்கு வாசல் வரும். குன்று ஏறி இறங்கியே களைத்துவிடுவீர்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நுழைவுச்சீட்டு 30 யுவான், மற்ற மாதங்களில் 20. நான் சொல்லப்போகும் இரண்டு கூடங்களுக்கும் கூட்டுச்சீட்டு தேவையில்லை.

முதலில் கிழக்கு நோக்கிய ரென்ஷௌ மண்டபம். உள்ளே விடமாட்டார்கள், வாசலில் நின்றே அரியணையைப் பார்க்க வேண்டும். அது ஒரு குறைதான். 1898 ஜூன் 16 அன்று பேரரசர் குவாங்ஷூ, சீர்திருத்தத்தின் முன்னணிச் சிந்தனையாளரான காங் யோவெய்யை இங்கேதான் சந்தித்தார். கீழ்நிலை அதிகாரியைப் பேரரசர் நேரில் பார்ப்பது மரபல்ல என்று அரசவையின் மூத்தவரான இளவரசர் கோங் தடுத்ததால், ஜனவரியில் வெளியுறவு அலுவலக அமைச்சர்களே காங்கிடம் கேள்வி கேட்டு அனுப்பியிருந்தார்கள். மே இறுதியில் கோங் இறந்தார். ஜூன் 13இல் சீர்திருத்தத்தை ஆதரித்த அதிகாரி ஷூ சிசிங் பரிந்துரை மனு கொடுத்த பிறகுதான் காங்குக்கு வழி பிறந்தது.

ஆனால் சந்திப்புக்கு முதல் நாளே முடிச்சு இறுகிவிட்டது. பேரரசரின் ஆசிரியர் வெங் தோங்ஹ நீக்கப்பட்டார். பேரரசித்தாய் சிஷிக்கு நெருக்கமான ரோங்லுவிடம் தலைநகரைச் சூழ்ந்த ஸிலி மாகாணம் போனது. இரண்டாம் நிலையும் அதற்கு மேலும் பதவி பெறுகிறவர்கள் சிஷியிடம் நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும் என்ற ஆணையும் வந்தது. இந்த ஆணைதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்குகிறது: உயர்பதவி எதுவும் சிஷியின் பார்வைக்குத் தப்பாது. காங்குக்குக் கிடைத்தது வெளியுறவு அலுவலகத்தில் ஒரு செயலர் வேலை. செப்டம்பர் 5இல் டான் சிடோங் உள்ளிட்ட சீர்திருத்தவாதிகள் நால்வருக்குக் கிடைத்ததும் நான்காம் நிலைத் தகுதியோடு உயர் ஆலோசனை மன்றத்தில் செயலர் வேலைதான். மேலே பழைய அமைச்சர்கள் அப்படியே இருந்தார்கள்.

அடுத்து, ஏரியை ஒட்டிய யூலான் கூடம். செப்டம்பர் 16இல் படைத்தளபதி யுவான் ஷிகாயை இங்கே அழைத்துத் துணை அமைச்சர் தகுதி கொடுத்தார் குவாங்ஷூ. ஐந்தே நாளில் சிஷி ஆட்சியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். பிறகு அரசவை இங்கே வரும்போதெல்லாம் பேரரசருக்கு இந்தக் கூடமே சிறை. முற்றத்தின் கிழக்கு, மேற்குப் பக்க அறைகளின் கதவருகே போய் உள்ளே பாருங்கள்: வழியை அடைத்து எழுப்பிய செங்கல் சுவர் இன்னும் நிற்கிறது. பலர் அறைகளை எட்டிப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். அவரை அடைத்துவைத்த இன்னோர் இடமான யிங்தாய் தீவு சோங்நான்ஹாய் வளாகத்துக்குள் இருப்பதால் அங்கே பொதுமக்களுக்கு அனுமதியில்லை. இந்தச் சுவரை அவசரப்படாமல் பார்த்துவிட்டு வாருங்கள்.