கீபேட் போனில் விடிய விடியக் கூத்து: இரண்டு சீசன் ஓடிய செட்டிங்

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பாரதக் கூத்தை இப்போது ஸ்மார்ட்போனிலேயே ராத்திரி முழுக்கப் பிடித்துவிடுகிறார்கள். அதைத் திரும்பப் பார்க்க ஏங்கும் பெரியவர்கள் கையிலோ 2.4 அங்குலத் திரை கீபேட் போன். பல புதுப் போன்கள் எடுக்கும் எச்.265 என்ற சுருக்க முறை வீடியோவை அது திறக்கவே திறக்காது. எச்.264-ஐயும் பல மாடல்கள் ஏற்பதில்லை. பழைய எம்பெக்-4 ஒன்றுதான் நம்பகமானது.

கணினியில் வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளே இதற்குப் போதும். எம்பி4 கோப்பு, எம்பெக்-4 வீடியோ, 320x240 அளவு, விநாடிக்கு 15 ஃபிரேம், 300 கேபிபிஎஸ் சராசரி பிட்ரேட் (விநாடிக்குச் செலவாகும் டேட்டா அளவு). ஒலி ஏஏசி, மோனோ, 64 கேபிபிஎஸ். ஒரு மணி நேரம் சுமார் 164 எம்பி. எட்டு மணி நேரக் கூத்து சுமார் 1.3 ஜிபியில் அடங்கிவிடும். ஃபிரேம் ரேட்டை மட்டும் மறக்காமல் 'கான்ஸ்டன்ட்' ஆக்குங்கள். இருட்டில் போன் கேமரா ஃபிரேம் எண்ணிக்கையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும். அதை அப்படியே விட்டால் போகப் போக மிருதங்க அடி ஒரு பக்கம், அடவு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும்.

அடுத்தது கிராப், அதாவது ஓரம் வெட்டுவது. அகலப் படத்தை முழுசாக அடக்கினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், வேஷக்காரர் முகம் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். ஆட்டம் நடுவில்தானே நடக்கிறது? 1920x1080 படத்தில் இடது 240, வலது 240 வெட்டினால் 4:3 ஆகி, ஆள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவார். ஆட்டோ கிராப் வேண்டாம். ஓரத்து இருட்டை வெற்றுப் பட்டை என்று நினைத்து அதுவாகவே வெட்டும். படத்தின் அகல விகிதத்தை மாற்றும் அனமார்ஃபிக்கை 'நன்' என்று வையுங்கள், இல்லாவிட்டால் ஆட்கள் இழுத்துவிட்ட மாதிரி தெரிவார்கள்.

படத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம், சத்தத்தில் கை வைக்கக் கூடாது. கூத்தைப் பாதி நேரம் கேட்கத்தான் செய்கிறார்கள். இடம் மிச்சம் என்று 3ஜிபி கோப்பில் ஏஎம்ஆர் ஒலி போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. அது தொலைபேசிப் பேச்சுக்காகச் செய்தது. 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. கட்டியக்காரன் வசனம் புரியும், ஆனால் முகவீணை மூக்கடைத்த மாதிரி ஆகிவிடும், தாளத்தின் கணீர் செத்துப்போகும். ஏஏசியிலும் கூடுதலாகச் சுருக்கும் எச்இ வகை வேண்டாம், சாதாரண எல்சியே போதும்.

கிரீடத்திலும் புஜகீர்த்தியிலும் பதித்த கண்ணாடிச் சில்லு விளக்கில் மின்னும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைவது இந்த பிட்ரேட்டில் சகஜம். பின்னால் உள்ள இருட்டின் புள்ளி இரைச்சல் பிட்ரேட்டைத் தின்பதுதான் பெரிய காரணம். அந்த இரைச்சலைக் குறைக்கும் டீநாய்ஸை 'லைட்' அளவில் வைத்தாலே பாதி சரியாகும். அதற்கு மேல் போனால் முகத்து அரிதாரக் கோடுகள் அழிந்துவிடும்; அது பெரிய நஷ்டம். சண்டைக் கட்டம் ஒன்றை இரண்டு நிமிடம் மட்டும் மாற்றி, அதே போனில் ஓட்டிப் பார்த்த பிறகு முழுசாகப் போடுங்கள்.

பிஎஸ்பி (சோனியின் கையடக்க கேம் கருவி) வைத்திருந்தால் எச்.264, 480x272. ஐபாட் கிளாசிக் எச்.264-இன் எளிய வகையான பேஸ்லைனில் 640x480 வரை தாங்கும். இரண்டிலும் தொல்லை குறைவு.

எட்டு மணி நேரத்தை ஒரே கோப்பாகக் கொடுக்காதீர்கள். விட்ட இடத்தைத் தேடிப் பட்டனை அழுத்தியே விரல் நோகும். ஹேண்ட்பிரேக்கில் எந்தப் பகுதி என்று குறிக்கும் ரேஞ்சில் விநாடி கணக்கு வைத்து 1800 விநாடிக்கு ஒன்றாக 16 துண்டு போடுங்கள். துண்டு விருத்தத்தின் நடுவில் அறுந்தால் எல்லையை அரை நிமிடம் நகர்த்திக்கொள்ளலாம். தமிழ்ப் பெயர் பல போன்களில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் 01, 02 என்று எண் மட்டும் போதும். கார்டு 32 ஜிபிக்குள், ஃபேட்32 என்ற ஃபார்மேட்டில் இருக்கட்டும். 64 ஜிபி கார்டு பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபார்மேட்டில் வரும், கீபேட் போன் அதைக் காலி கார்டு என்றுகூடக் காட்டாது, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். பெரியவர் தெரியாமல் ஓகே அழுத்தினால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும்.